வெர்னா கோவாச் எண்ணாமல் விட்ட இடம்

வெர்னா கோவாச்சின் அறுபத்தோரு வயதில் முப்பத்திரண்டு வருஷம் காபி ஊற்றுவதிலேயே போயிற்று. ஹாலோரன் ஊரின் மேட்டு ஆஸ்பத்திரியில், சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு வேலை. காலை ஆறு மணிக்குத் தள்ளுவண்டியில் இரண்டு பெரிய காபிக் குடுவைகளை ஏற்றிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போவாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்கிற சனங்களுக்கு ஊற்றிக் கொடுப்பாள். அந்தக் காபியைப் பற்றி ஊரில் ஒருவரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. வேண்டாம் என்றும் ஒருவரும் சொன்னதில்லை. மூன்றாம் மாடியில் நிற்கிறவனுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். அது சூடாக இருந்தால் நல்லது. ருசியெல்லாம் வீட்டுக்குத் திரும்பிப் போனபிறகு வருகிற கவலை.

நிற்கிற சனங்கள் என்று சும்மா சொல்லவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் மொத்தமே ஆறு நாற்காலிகள். ஏழாவதாக வருகிறவர் நிற்கத்தான் வேண்டும். இன்னும் நாலு நாற்காலி போடுங்கள் என்று வெர்னா முப்பத்திரண்டு வருஷமும் கேட்டாள். நெருப்புப் பிடித்தால் ஓட வழி வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷமும் பதில் வந்தது. நெருப்பு ஒருநாளும் வரவில்லை. சனங்கள் தினமும் வந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியை மூடினார்கள். சாமான்களை ஏலம் விட்ட அன்று வெர்னா ஐந்தாம் மாடிக்கு முதல் தடவையாகப் போனாள். அது மேலாளர்கள் கூட்டம் போடுகிற மாடி. அங்கே மெத்தை வைத்த நாற்காலிகள் இருபது இருந்தன. ஒன்றில்கூடத் தேய்மானம் இல்லை. வெர்னா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இருபதையும் ஏலத்தில் எடுத்தாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது. கோபத்தில் சிலர் தட்டை உடைப்பார்கள். வெர்னா நாற்காலி வாங்கினாள்.

நாற்காலிகள் வந்தபிறகுதான் கடை யோசனை வந்தது. அவள் வீடு இருந்த பெல்லோஸ் தெருவின் முனையில் ஒரு கடை ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. முன்பு அங்கே தூசி உறிஞ்சும் இயந்திரங்களைப் பழுது பார்த்தார்கள். தன் சேமிப்பைப் போட்டு அதை வாடகைக்குப் பிடித்தாள். சனங்கள் உட்கார்ந்து குடிக்கிற காபிக் கடை. இருபது இருக்கை. அவள் மனசில் இருந்த கடை அவ்வளவுதான். கேக் என்ன, சுவருக்கு என்ன நிறம் என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம்.

குறுக்கே வந்தது கார் நிறுத்தும் விதி. நாலு இருக்கைக்கு ஒரு கார் நிறுத்த இடம் கடைக்காரர் காட்ட வேண்டும் என்று நகராட்சிச் சட்டம். இருபது இருக்கைக்கு ஐந்து இடம். பெல்லோஸ் தெருவோ ஆட்டுக்கே மூச்சு வாங்குகிற ஏற்றம். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டி வைக்கத்தான் இடம் இருந்தது.

"அந்த விதிக்கு விலக்கு கேக்கலாம், சித்தி," என்றாள் மரிசா. அக்காள் மகள், வக்கீல் ஆபீஸில் கடிதம் அடிக்கிற வேலை. அங்கே வக்கீலைவிட அவளுக்குத்தான் சட்டம் தெரியும் என்று அவளே சொல்வாள். "தெருவுலயே அஞ்சு இடம் எப்பவும் காலியாத்தான் கெடக்குன்னு காட்டணும். ரெண்டு வாரம், தினம் மூணு வேளை எண்ணி எழுதுங்க. போட்டோவும் எடுங்க. அஞ்சு இருந்தா நகராட்சி வாரியத்துல கண்ண மூடிக்கிட்டு குடுத்துருவாங்க."

"நாலு இருந்தா?"

"நாலு இருந்தா கண்ணத் தொறந்து பாப்பாங்க."

விலக்கு கேட்டால் கடைக் கதவில் மஞ்சள் அறிவிப்பு ஒட்டுவார்கள், அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்க வசதியாக. அதை முதலில் வந்து படித்தவர் லியோ புரோசெக். எதிர்ச்சாரியில் மூன்றாவது வீடு. எழுபத்தொன்பது வயது. முன்பு ரயில் பெட்டிகளை இணைக்கிற வேலை பார்த்தவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, கடைசியில் அச்சடித்தவன் பெயர்வரை படித்துவிட்டுத் திரும்பினார். வெர்னா உள்ளே சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள்.

"இருபது சீட்டா?"

"உங்களுக்கும் சேத்துத்தான், லியோ."

"எனக்கு நாற்காலி இருக்கு."

"அத வீட்டுக்குள்ள போடுங்க, உக்காரலாம்."

லியோ சிரிக்கவில்லை. "வாரியத்துக்கு வருவேன். இந்தத் தெருவுக்கு இன்னும் கார் வேணாம்னுதான் சொல்லுவேன். மொகத்துக்கு நேரா சொல்லிட்டேன். அப்புறம் பொறத்தால வந்து கெடுத்துட்டான் கெழவன்னு பொலம்பக் கூடாது."

"பொலம்ப மாட்டேன். பெயிண்ட் கால்ல பட்டுரும், தள்ளி நில்லுங்க."

லியோவின் நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஹாலோரனில் பனி கொட்டினால், தன் வீட்டு முன்னால் மண்வெட்டியால் பனியை அள்ளி, கார் நிறுத்த இடம் உண்டாக்குவது அவரவர் பாடு. இடுப்பு ஒடிய உண்டாக்கிய இடத்தை விட்டுக் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகும்போது, அங்கே ஒரு பழைய நாற்காலியை வைத்துவிட்டுப் போவார்கள். நாற்காலி இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இதற்குச் சட்டம் கிடையாது. ஆனால் அடுத்தவன் நாற்காலியை நகர்த்தினவனை ஊரில் கல்யாண விருந்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள். போலீஸ்காரரே நகர்த்த மாட்டார். அவர் வாசலிலும் ஒன்று நிற்கும்.

பனி உருகினதும் எல்லோரும் நாற்காலியை உள்ளே எடுத்துவிடுவார்கள். லியோ எடுப்பதில்லை. அவருடைய நீல நாற்காலி, குழாய்க் கால், கிழிந்த இருக்கை, நாலு வருஷமாக வெயில் மழை எல்லாம் வாங்கிக்கொண்டு தெருவிலேயே நிற்கிறது, முகம் இறக்கத்தைப் பார்த்தபடி. லியோவிடம் கார் கிடையாது. இருந்ததை விற்று நாலு வருஷம்.

போன வருஷம் யாரோ அந்த நாற்காலிக்கு அபராதச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். போலீஸ் ஒட்டுகிற சீட்டைப் போலவே இருந்தது. 'குற்றம்: சக்கரம் இல்லாமல் நிறுத்தியது.' எழுதியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை; தெரிந்தவர்கள் சொல்லப்போவதும் இல்லை. லியோ அதைக் கிழிக்கவில்லை. மடிக்காமல் கொண்டுபோய்க் குளிர்பெட்டிக் கதவில், மனைவி ஐரினின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். அதைப் பார்த்தபிறகு சிலருக்குக் கொஞ்சநாள் குறும்பே வரவில்லை.

ஐரினுக்கு மூச்சுத் தொல்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரி காலையில் மூச்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆனால் தெருவின் இரண்டு பக்கமும் கார்கள், கார்களுக்கு நடுவே பனிக் குவியல். வண்டி மேலே நிற்க இடமில்லாமல் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு பேர் தூக்குப் படுக்கையோடு ஏறி வந்து, அவளைச் சுமந்து இறங்கினார்கள். பதினோரு நிமிஷம். வீட்டு முன்னால் ஒரு வண்டி நிற்க இடம் இருந்திருந்தால் மூன்று நிமிஷம்.

அன்று மூன்றாம் மாடியில் ஆறு நாற்காலியிலும் ஆள். லியோ சுவரோரம் நின்றார். வெர்னா காகிதக் கோப்பையில் காபி ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். நாலு மணி நேரம் கழித்து அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்ப வந்தபோதும் அதே இடத்தில் நின்றார், அதே கோப்பையோடு. டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். லியோ அவளைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

"இத எங்க வைக்கிறது?"

கோப்பை தளும்ப நிறைந்து ஆறிப் போயிருந்தது. வெர்னா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் அவர் காரை விற்றார். காலியான இடத்தில் நீல நாற்காலியைப் போட்டார். எதற்கென்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரல் மாதம், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்கு எழுதிய அதே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னா தெருவை எண்ணினாள். காலை எட்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஐந்து. மேலிருந்து கீழே இரண்டு சாரியும் சேர்த்து முப்பத்தோரு இடம். ஒவ்வொன்றுக்கும் 'நிறைந்தது' அல்லது 'காலி'. சொல்லிவைத்தாற்போல எல்லா வேளையும் நாலே இடம்தான் காலி. இடம் மாறும், ஆள் மாறும். நாலு மட்டும் மாறவில்லை.

பதினோராம் நாள் காலை, லியோ வீட்டு முன்னால் அவள் பென்சில் நின்றது. பத்து நாளாக அந்த இடத்துக்கு நேராக 'நிறைந்தது' என்று எழுதியிருந்தாள். யோசித்து எழுதியதில்லை. பெல்லோஸ் தெருவில் பிறந்து வளர்ந்தவள். நாற்காலி நின்றால் அங்கே ஆள் இருக்கிறது என்று அவள் கண்ணுக்குப் பழக்கம். வெளியூர்க்காரர் எவரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார். இப்போதுதான் உறைத்தது. அங்கே கார் இல்லை, வரப்போவதும் இல்லை. நாலோடு இதைச் சேர்த்தால் ஐந்து.

நாற்காலியைப் பார்த்தாள். பத்து நாள் எழுதியதைத் திருத்த ரப்பர் ஒன்று போதும். சன்னலில் திரை கொஞ்சம் விலகியது. உள்ளே லியோ நிற்கிறார் என்று தெரிந்தது.

வெர்னா 'நிறைந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

வாரியம் புதன்கிழமை பத்து மணிக்கு, நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கூடியது. மூன்று உறுப்பினர்கள். நடுவில் தலைவர் ஃபானெல்லி, ஒரு பக்கம் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், இன்னொரு பக்கம் தூக்கத்தை மறைக்கத் தெரியாத ஒருவர். வெர்னாவுக்கு முன்னால் ஒருவர் வேலியை ஓர் அடி உயர்த்தலாமா என்று கேட்டிருந்தார். அந்த ஓர் அடிக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று.

வெர்னாவைக் கூப்பிட்டார்கள். கையை உயர்த்தி உண்மை சொல்வதாக உறுதி சொன்னாள். பின்வரிசையில் லியோ, கோட்டுப் பித்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். தொப்பிக்குள் நாலாக மடித்த காகிதம்.

"விலக்கு கேக்கறவங்க கஷ்டத்தச் சொல்லணும்," என்றார் தலைவர். "சொல்லுங்க மேடம். என்ன கஷ்டம்?"

"சனங்க நிக்கிறாங்க, சார்," என்றாள் வெர்னா. "முப்பத்திரண்டு வருஷமா பாத்துட்டேன். கையில கோப்பையோட நின்னுக்கிட்டே இருக்காங்க. உக்காந்து குடிக்க ஒரு எடம் வேணும்."

ஃபானெல்லி நெற்றியைத் தடவினார். கெட்ட மனிதர் இல்லை. "அது மனுஷங்களோட கஷ்டம், மேடம். சட்டம் கேக்கறது நெலத்தோட கஷ்டம். மனை கோணலா இருக்கு, பாறையா இருக்கு, அந்த மாதிரி."

"மனை நேராத்தான் இருக்கு. மனுஷங்கதான் கொஞ்சம் கோணல்."

தூங்குகிறவர் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். மரிசா எழுந்து எண்ணிக்கைத் தாள்களையும் போட்டோக்களையும் கொடுத்தாள். மூவரும் புரட்டினார்கள். கண்ணாடி போட்ட அம்மாள் ஒரு போட்டோவில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இங்க நாலு காலின்னு போட்டிருக்கு. ஆனா படத்துல அஞ்சு இருக்கே. இந்த எடத்துல கார் இல்லையே."

"நாற்காலி இருக்கு," என்றாள் வெர்னா.

"நாற்காலிதான் இருக்கு. நெறஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. நாற்காலி இருக்கே."

கூடத்தில் சிரிப்பு ஓடியது. ஃபானெல்லிகூட வாயைப் பொத்தினார். பனிக்காலத்தில் அவர் வீட்டு முன்னால் நிற்பது பச்சை நாற்காலி என்று ஊருக்கே தெரியும். அந்த அம்மாள் மட்டும் விடவில்லை. "சரி, பழக்கம் எனக்கும் தெரியும். ஆனா பனி போயி ஒரு மாசம் ஆச்சு. இது யாரோட நாற்காலி? அவங்க கார் எங்க?"

மரிசா வெர்னாவின் முழங்கையைப் பிடித்தாள். "சித்தி," என்று காதோரம் கிசுகிசுத்தாள், "கார் இல்லன்னு சொல்லுங்க. அதான் அஞ்சாவது எடம். கேஸ் முடிஞ்சுது."

வெர்னாவுக்கும் கணக்குத் தெரியும். பின்வரிசையில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. லியோ பாதி எழுந்திருப்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அவர் எழுந்தால் இத்தனை பேர் முன்னால், வேலிக்காரர் முன்னால், கார் இல்லை என்பதையும் ஏன் இல்லை என்பதையும் எதற்காக நாற்காலி என்பதையும் சொல்ல வேண்டி வரும். அதற்கு இவர்கள் தலையைச் சாய்த்து, மன்னிக்கணும், அது மனுஷனோட கஷ்டம் என்பார்கள்.

"அந்த எடம் காலி இல்லம்மா," என்றாள் வெர்னா. "நான் அந்தத் தெருவுலயே அறுபத்தோரு வருஷமா இருக்கேன். எது காலி, எது காலி இல்லன்னு எனக்குத் தெரியும். எழுதினது எழுதினதுதான்."

"அப்போ நாலுதான்."

"நாலுதான்."

மரிசா முழங்கையை விட்டாள். ஃபானெல்லி தாளில் எதையோ குறித்துக்கொண்டு, ஆட்சேபிப்பவர் யாராவது உண்டா என்று கேட்டார். லியோ முன்னால் நடந்து வந்தார். காகிதத்தைப் பிரித்தார். பார்த்தார். மறுபடி நாலாக மடித்தார்.

"அவ எழுதினது சரிதான்," என்றார்.

"அது எந்தப் பக்கத்துக்கான சாட்சி, ஐயா? கடை வேணும்ங்கறீங்களா, வேணாம்ங்கறீங்களா?"

"அவ எழுதினது சரின்னேன்," என்று சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஐந்து இடத்துக்கான விலக்கு மறுக்கப்படுகிறது. வாங்கிக்கொண்டு போகிற கடையாக, இருக்கை ஒன்றுகூட இல்லாமல் நடத்தத் தடையில்லை. வெர்னா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு இருபது நாற்காலிகளையும் ஒவ்வொன்றாக நிலவறைக்கு இறக்கினாள். மரிசா உதவிக்கு வந்தாள். உதவினாள் என்பதைவிடத் திட்டினாள் என்று சொல்லலாம்.

"ஒரே ஒரு வார்த்த, சித்தி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இதுங்க மேலேயே இருந்திருக்கும்."

"அந்த வார்த்த என்னோடது இல்லடி."

"பின்ன யாரோடது?"

"காலப் பாத்து வை. மூணாவது படி ஆடும்."

கடைசி நாற்காலியையும் அடுக்கியபின் வெர்னா அதில் உட்கார்ந்தாள். நல்ல நாற்காலி. மேலாளர்களுக்கு முதுகு வலித்தே இருக்காது. வெகுநேரம் அவள் மேலே வரவில்லை. மரிசாவும் கூப்பிடவில்லை.

ஜூன் மாதம் கடை திறந்தது. கதவு மூடியே இருக்கும். ஒரு சன்னல் மட்டும் திறந்திருக்கும். சனங்கள் வந்தார்கள், வாங்கினார்கள், நடந்தபடி குடித்தார்கள், அல்லது சுவரில் சாய்ந்து நின்றார்கள். முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்த அதே காட்சி. வெர்னா அதைப் பார்க்காமலிருக்கக் கோப்பைகளையே பார்த்து ஊற்றினாள்.

லியோ பதினேழு நாள் வரவில்லை. பதினெட்டாம் நாள் வந்து சன்னலில் நின்றார்.

"ஏன் சொல்லல நீ?" என்று கேட்டார்.

"என்னத்த?"

"எங்கிட்ட கார் இல்லன்னு."

"காரப் பத்தி யாரு கேட்டா? எடத்தப் பத்தித்தான் கேட்டாங்க. பாலா, வெறும் காபியா?"

"வெறும். உன் ஆஸ்பத்திரி காபி நல்லாவே இருக்காதும்பாங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நாலு மணி நேரம் கையில வெச்சிருந்தீங்களே ஒழிய, ஒரு வாய் குடிச்சீங்களா?"

லியோ கோப்பையை வாங்கிக்கொண்டார். சுவரோரம் நின்று, ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்தார். முடித்ததும் சன்னலுக்கு வந்தார்.

"இத எங்க வைக்கிறது?"

வெர்னா கையை நீட்டினாள். கோப்பை காலியாக இருந்தது. அதை அவள் உடனே குப்பையில் போடவில்லை.

அந்த வேளையில் கைத்தடி ஊன்றிக்கொண்டு, அடிவாரத்து வீட்டு ஓடெட் அம்மாள் ஏற்றம் ஏறி வந்துகொண்டிருந்தாள். எண்பது தாண்டியவள். காபியை வாங்கிக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க, உட்கார ஏதாவது உண்டா என்று இடமும் வலமும் பார்த்தாள். வெர்னா நிலவறைப் படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருபது நாற்காலி இருக்கிறது, ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது என்று அந்தம்மாவிடம் எப்படிச் சொல்வது?

லியோ தெருவைக் கடந்தார். நீல நாற்காலியின் முதுகைப் பிடித்தார். தூக்கவில்லை, நகர்த்தவில்லை. நின்ற இடத்திலேயே அதைத் திருப்பி, முகம் கடையைப் பார்க்க வைத்தார். சட்டைக் கையால் இருக்கையைத் துடைத்தார்.

"இங்க வந்து உக்காருங்க, ஓடெட்," என்றார். "ஆம்புலன்ஸ் வந்தா மட்டும் சட்டுனு எந்திரிச்சிரணும்."